தாமதத்தில் முன் அனுபவம்

பிள்ளையார் சுழி தெரியாத ஊர் லேவார்டன்.
வீட்ஸ்கெ ஹூகெமா தாளின் மேல்மூலையில்
தேதியைப் போட்டுவிட்டு
அரைமணி நேரமாய் அதையே பார்த்திருக்கிறாள்.
தேதி நன்றாக வந்திருக்கிறது.
மற்றதுதான் வரவில்லை.

'நான் கடின உழைப்பாளி.
குழுவாக இயங்குவதில் வல்லவள்.
சவால்களை விரும்புகிறவள்.'

யாரடி இவள் என்று அவளுக்கே வியப்பு.
சவால் வந்தால்
அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிடுகிற பெண் அவள்.
குழு என்றால்
இருபத்தாறு வருடமாய்
ஐம்பத்து நான்காம் எண் பேருந்தில்
அவளும் பின்பார்வைக் கண்ணாடியும்.

அடித்தாள். மூன்று வரியும் உப்பில்லாக் கஞ்சி.

தங்கையின் கணவன் யெல்மர்
கணினியிடம் கேளேன் என்றான்.
கேட்டாள்.
மூன்று நொடியில் வந்து நின்றாள்
சவால்களை விரும்பும் அதே பெண்,
இம்முறை இன்னும் உற்சாகமாய்,
கழுத்தில் பட்டுத்துணி கட்டியவள் போல.

'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி
ஐயாதானா என்று ஐயம் வர
நகராட்சிக்குத் தொலைபேசினாள்.
ஐயா இல்லை, ஷோக்யெ பௌமா என்றொரு அம்மா.
இதுவரை நாற்பத்தொரு கடிதம் வந்திருக்கிறது
என்பதையும், கேட்காமலே, சொன்னார்கள்.

இனி அந்த இடம்.
முந்தைய வேலையிலிருந்து ஏன் விலகினீர்கள்.
'தனிப்பட்ட காரணங்களால்' என்று எழுதிப் பார்த்தாள்.
தனிப்பட்ட காரணம் எது?
மழையில் பையைத் தலைக்கு மேல் பிடித்து
ஓடி வந்தவர்கள் எல்லாம்
அவளுக்குத் தெரியாதவர்கள்.

பேனாவை மூடிவிட்டு மிதிவண்டியை எடுத்தாள்.

வாய்க்கால் பாலத்தருகே சிவப்பு விளக்கு.
தடுப்புக் கட்டை இறங்கியது, பிறகு மணி அடித்தது.
சாலை தன் முதுகைத் தூக்கிக்கொண்டு நின்றது.
இந்தப் பக்கம் பதினேழு கார், ஒரு பால் லாரி,
கைக்கடிகாரத்தைத் திட்டுகிற ஒருவர்.
அந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ ஒற்றைப் படகு.
அதில் ஒருவர், ஒரு நாய்.
நாய்க்கு அவசரமே இல்லை.

பாலக்காவலர் தூண்டில் கோலை நீட்டினார்.
நுனியில் ஊசலாடிய மரக்காலணிக்குள்
படகுக்காரர் இரண்டு யூரோ போட்டார்.
ஒலிப்பான்கள் கத்தின.
காவலர் காசை எண்ணினார்.
இரண்டே யூரோ, அதையும் எண்ணினார்.

நான்கு நிமிடம் பத்து நொடி.
வீட்ஸ்கெ பார்த்து வைத்தாள்.

சமையலறை மேசை. புதுத் தாள்.

'திருமதி பௌமா அவர்களுக்கு,
இருபத்தாறு ஆண்டுகள் பேருந்து ஓட்டினேன்.
விபத்து இல்லை.
ஓடி வருகிறவர்களுக்காகக் கதவை மூடாமல் நின்றதால்
சென்ற மார்ச்சில் என்னை நீக்கினார்கள்.
புகார்கள் பதினொன்று. பதினொன்றும் உண்மை.
ஒருவருக்காகப் பலரைக் காக்க வைப்பது
அங்கே என் குற்றம்.
உங்கள் பாலத்தில் அதற்குச் சம்பளம் தருகிறீர்கள்
என்பதை இன்று நேரில் பார்த்தேன்.
திட்டு வாங்கிக்கொண்டே கையை நிதானமாக வைத்திருக்க
எனக்குத் தெரியும்.
மழையில், இருட்டில், பள்ளி விடும் நேரத்தில்
சாலை எப்படிப் பொறுமை இழக்கும் என்பதும் தெரியும்.
தூண்டில் புதிது. பழகிக்கொள்வேன்.

உங்கள் தடுப்புக் கட்டை
மணிக்கு இரண்டு நொடி முன்னதாக இறங்குகிறது.
மிதிவண்டிக்காரர்களுக்கு அது ஆபத்து.'

கடைசி மூன்று வரியை அடித்தாள்.
வேலை கேட்க வந்தவள் குறை சொல்வதா?
எழுந்து ஜன்னலைச் சாத்தினாள்.
ஒரு சின்னப் பையன், ஒரு மிதிவண்டி,
அந்த இரண்டு நொடி.
உட்கார்ந்து மறுபடி எழுதினாள்,
முன்பைவிடப் பெரிய எழுத்தில்.

பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது.
இருக்கட்டும்.

'இப்படிக்கு, உண்மையுள்ள' என்று போடும்போது
முதல்முறையாகக் கை கூசவில்லை.

தாளை மடித்தாள், அஞ்சல்தலை ஒட்டினாள்.
உறையின் வாயை மட்டும் ஒட்டாமல்
தேநீர்க் கெண்டியின்மேல் சாய்த்து வைத்தாள்.

அஞ்சல் எடுக்க ஐந்து மணி ஆகும்.
யார் கண்டது,
மூச்சிரைக்க ஓடி வருகிற ஒரு சொல்
இன்னும் தெருமுனையில் இருக்கலாம்.